குறைந்த விலைக் கைபேசிகள் இரண்டு: எதை வாங்குவது?

பாவுக்கு நூல் வாங்கச் செல்லும் நெசவாளர், கட்டின் மேல் ஒட்டியுள்ள சீட்டை மாத்திரம் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. ஒரு சிட்டத்தைப் பிரித்துப் பார்க்கிறார். இழையை விரலில் முறுக்கி, இழுத்து, அறுத்துப் பார்க்கிறார். விதை வாங்கும் விவசாயியும் அவ்வாறே. பொட்டலத்தின் முகப்பில் அச்சிட்டுள்ள செழிப்பான பயிரின் படத்தில் அவர் மயங்குவதில்லை. பின்புறம் திருப்பி, முளைப்புத் திறன் எவ்வளவு, காலாவதித் தேதி எது என்று தேடுகிறார். இத்துணைக் கவனமுள்ள நம் அங்கத்தினர்கள், ஸ்மார்ட்போன் என்று வழங்கும் கைபேசியை வாங்கச் செல்லும்பொழுது மட்டும், கடைக்காரர் எடுத்து நீட்டியதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதைப் பலவிடங்களிலும் காண்கிறோம். விலையோ பத்தாயிரம் ரூபாயை ஒட்டியது. அந்தப் பணத்தை எவ்வாறு யோசித்துச் செலவிடுவது என்பதை, இரண்டு கைபேசிகளை எடுத்துக்கொண்டு இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

கைபேசி இன்று நமக்கு ஆடம்பரப் பொருளன்று. நெய்த கூலி வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததா என்பதை அதில்தான் பார்க்கிறோம். பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் பெறும் விவசாயி, தம் அடையாளத்தை மின்னணு முறையில் உறுதி செய்தாக வேண்டும். 2023ஆம் ஆண்டு முதல் இதனைக் கைபேசியில் முகத்தைக் காட்டியே செய்துகொள்ள வழி ஏற்பட்டது. தமிழக அரசு 2018இல் வெளியிட்ட உழவன் செயலி, மானிய விவரங்களையும் விளைபொருள் விலைகளையும் விவசாயியின் கைக்குக் கொண்டுவந்தது. சேலையைப் படமெடுத்து அனுப்பி வெளியூரில் ஆர்டர் பிடிக்கும் நெசவாளர் குடும்பங்களும் உண்டு. ஆகவே கைபேசி கெட்டால் பேச்சு மட்டும் நிற்பதில்லை. வரவு செலவும் நின்றுவிடுகிறது.

நாம் எடுத்துக்கொள்ளும் இரண்டில் ஒன்று, 2024 நவம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ரெட்மி ஏ4 5ஜி. மற்றொன்று, 2025 பிப்ரவரியில் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி எம்06 5ஜி. இரண்டும் பத்தாயிரம் ரூபாய்க்குள் 5ஜி தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவை. வாசகர் இதைப் படிக்கும் வேளையில் அவர் ஊர்க் கடையில் வேறு மாடல்கள் அடுக்கப்பட்டிருக்கலாம், அதனால் குறையொன்றுமில்லை. ஒரு தறியில் கைபழகினவர் மற்றொரு தறியிலும் உட்கார்ந்துவிடுவார் அல்லவா?

விலைச் சீட்டு

அறிமுகமானபொழுது ரெட்மியின் விலை 8,499 ரூபாய் என்று விளம்பரம் செய்யப்பட்டது. சாம்சங்கின் விலை 9,999 ரூபாய். குறிப்பிட்ட வங்கி அட்டைகளுக்கு 500 ரூபாய் சலுகை போக 9,499. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு ரெட்மி ஆயிரம் ரூபாய் மலிவு என்று தோன்றும். ஆனால் 8,499 ரூபாய் ரெட்மியில் சேமிப்பிடம் 64 ஜிபி. சாம்சங்கிலோ 128 ஜிபி. அதே 128 ஜிபி ரெட்மியில் வேண்டுமானால் அன்றைய விலை 9,499 ரூபாய். ஒரே அளவையை வைத்து அளந்ததும் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் மறைந்துபோவதைக் காண்க. ஐந்தரை மீட்டர்ச் சேலையின் விலையையும் ஆறு மீட்டர்ச் சேலையின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று கேட்பது போன்றதே முதற்கணக்கு.

64 ஜிபி போதாதா என்று கேட்கலாம். கைபேசியை இயக்கும் மென்பொருளும், கம்பெனியார் முன்கூட்டியே ஏற்றி அனுப்பும் செயலிகளும் அதில் கணிசமான இடத்தைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்கின்றன. எஞ்சியதில் வங்கிச் செயலி, வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் வந்து குவியும் காலை வணக்கப் படங்கள், திருமண வீடியோக்கள் ஆகியவற்றுக்கு இடம் தரவேண்டும். மெமரி கார்டு போட்டால் படங்களுக்கு இடம் கிடைக்கும். செயலிகளுக்கு அது அவ்வளவாக உதவாது. இடம் நிறைந்த கைபேசி நடை தளர்ந்துபோகும். புதுப்பிப்புகளை ஏற்க மறுக்கும். நம் கருத்தில் 128 ஜிபிக்குக் குறைந்ததை வாங்குவது சிக்கனமாகாது.

இன்னொரு சேர்மானம் உண்டு. ரெட்மியின் பெட்டிக்குள் 33 வாட் சார்ஜரும் வைத்துக் கொடுத்தார்கள். கைபேசி ஏற்றுக்கொள்வதோ 18 வாட் மட்டுமே. ஒரு படி கொள்ளும் செம்புக்கு இரண்டு படி ஊற்றும் குடத்தை இலவசமாகத் தந்ததுபோல. எனினும் சார்ஜர் சார்ஜரே. அதற்குத் தனியே செலவில்லை. சாம்சங் 25 வாட் வேகத்தில் மின்னேற்றம் பெறும் திறனுடையது, ஆயினும் பெட்டியில் சார்ஜர் கிடையாது. வீட்டிலுள்ள பழைய சார்ஜரைப் பொருத்தமான கம்பியோடு இணைத்தால் மெதுவாக ஏறும். அதுவும் இல்லாதவர் சார்ஜரின் விலையைக் கைபேசி விலையோடு கூட்டிக்கொண்டுதான் கணக்குப் பார்க்கவேண்டும்.

ரேம் என்னும் செயல்நினைவகம் இரண்டிலும் 4 ஜிபி. ரெட்மிக்கு 8 ஜிபி வரை உண்டென்று விளம்பரத்தில் கண்டவர்கள் இருக்கலாம். அதில் பாதி உண்மையான ரேம் அன்று. சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ரேமைப் போலப் பாவிக்கும் ஏற்பாடு. இத்தகைய ஏற்பாடு சாம்சங் முதலிய பிற கம்பெனிகளிடமும் உண்டு. ரேம் என்பது தறியருகில் கைக்கெட்டும் கூடை. சேமிப்பிடம் என்பது அறையின் மூலையிலுள்ள பெட்டி. கூடை நிறைந்தபின் சில தார்களைப் பெட்டியில் வைத்து எடுத்து வருவதில் தவறில்லை. ஆனால் பெட்டியிலுள்ளதையும் கூடையிலுள்ளதாக எழுதும் கணக்கை நம் சங்கத்துத் தணிக்கையாளர் ஏற்பாரா?

5ஜி என்னும் முத்திரை

இரண்டு பெட்டிகளின் மேலும் 5ஜி என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா? ஒன்றல்ல என்பதே இப்பாடத்தின் முக்கியமான செய்தி. சற்று நிதானித்துப் பார்க்கவேண்டிய இடமும் இதுவே.

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. அதனை அமைப்பதில் கம்பெனிகள் இருவேறு வழிகளை மேற்கொண்டன. ஜியோ நிறுவனம் 5ஜிக்கென்றே அடித்தளம் முதல் தனியாகக் கட்டியது. இதற்கு எஸ்ஏ முறை, அதாவது தனித்து நிற்கும் முறை என்று பெயர். ஏர்டெல் நிறுவனம் ஏற்கெனவே இருந்த 4ஜி அமைப்பின் மேலேயே 5ஜியைப் பொருத்தித் தன் சேவையைத் தொடங்கியது. இது என்எஸ்ஏ முறை, அதாவது 4ஜியைச் சார்ந்து நிற்கும் முறை. பழைய வீட்டின் மேல் மாடி எழுப்புவது ஒரு வழி, புது மனையில் அடிக்கல் நாட்டிக் கட்டுவது மற்றொரு வழி. இரண்டும் முறையான வழிகளே; குடியிருப்பவருக்கு இரண்டும் வீடுதான்.

தொல்லை கைபேசியின் பக்கத்தில் எழுகிறது. ரெட்மி ஏ4இல் உள்ள ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 என்னும் சில்லு, விலையைக் குறைக்கும்பொருட்டு, எஸ்ஏ முறை 5ஜியை மட்டும் பிடிக்குமாறு அமைக்கப்பட்டது. ஆகையால் அக்கைபேசி விற்பனைக்கு வந்த 2024 நவம்பரில், ஜியோ சிம் போட்டவருக்கு 5ஜி கிடைத்தது. ஏர்டெல் சிம் போட்டவருக்கு, தெருமுனையிலேயே 5ஜி கோபுரம் நின்றாலும், 4ஜிதான் கிடைத்தது. சாம்சங் எம்06இன் சில்லு, மீடியாடெக் கம்பெனியின் டைமென்சிட்டி 6300. அது இரு முறைகளையும் பிடிக்கும். 12 5ஜி அலைவரிசைகளுக்கு இடமுண்டு என்று கம்பெனியார் அறிவித்தனர்.

இதனால் ரெட்மியை மோசமான பொருள் என்று தள்ளிவிடலாகாது. பேசுவதற்கும், யுபிஐ மூலம் பணம் அனுப்புவதற்கும், சேலைப் படம் அனுப்புவதற்கும் 4ஜி தாராளமாகப் போதும். ஊரில் 5ஜியே இல்லாதவருக்கு இவ்வேறுபாடு இன்றைக்கு ஒரு பொருட்டன்று. நாம் கூறுவது இதுவே: முத்திரைக்காகப் பணம் கொடுக்கிறவர், முத்திரையின் பொருளைக் கேட்டறிந்து கொடுக்கவேண்டும். ‘இது 5ஜியா?’ என்று கேட்டால் கடைக்காரர் ‘ஆம்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ‘என்னிடமுள்ள இந்த சிம்மில், எங்கள் ஊரில், 5ஜி பிடிக்குமா?’ என்று கேட்பதே சரியான கேள்வி.

பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவர்கள் நம் கிராமங்களில் பலர். அந்நிறுவனத்தின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவையைப் பிரதமர் 2025 செப்டம்பர் 27ஆம் தேதி ஒடிசாவின் ஜார்சுகுடாவில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அச்சேவைக்கு 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் பயன்படுகின்றன. இவற்றுள் 700 நீண்ட தூரம் செல்வது. சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வருவது. எந்த மாடலாயினும் 4ஜியில் இந்த அலைவரிசை அதற்கு உண்டா என்று விசாரித்து வாங்குதல் நலம். பட்டியலில் இது 28ஆம் எண் அலைவரிசை என்று குறிக்கப்பட்டிருக்கும்.

கைபேசியின் காலாவதித் தேதி

விதைப் பொட்டலத்தில் காலாவதித் தேதியை அச்சிட வேண்டும் என்பது சட்டம். கைபேசிக்கும் அத்தகைய தேதி ஒன்று உண்டு. ஆனால் பெட்டியின் மேல் அது தெரியாது. கண்ணாடி உடையாமல், பேட்டரி தளராமல் இருக்கும்பொழுதே கைபேசி பழையதாகிவிடும் நாள் அது.

இரு கைபேசிகளையும் இயக்குவது ஆண்ட்ராய்டு என்னும் மென்பொருள். அதில் திருடர்கள் நுழையத்தக்க ஓட்டைகள் அவ்வப்பொழுது கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கக் கம்பெனியார் அனுப்புவது பாதுகாப்புப் புதுப்பிப்பு. இதுவன்றி, ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பும் வெளிவருகிறது. வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் மிகப் பழைய பதிப்புகளை ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடுகின்றன. ஒருநாள் காலையில் செயலியைத் திறந்தால், ‘இக்கைபேசியில் இயங்காது’ என்ற அறிவிப்பு மட்டும் தென்படும். கூலி வந்த கணக்கு அப்படியே இருக்கும். கைபேசி வழியாக அதைத் தொட இயலாது.

ரெட்மி ஏ4, ஆண்ட்ராய்டு 14ஆம் பதிப்புடன் வந்தது. இரண்டு புதிய பதிப்புகளும், நான்கு ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் தருவதாக வாக்களிக்கப்பட்டது. ஆக அதன் கடைசிப் பதிப்பு 16. அந்த 16ஆம் பதிப்பு 2025 ஜூனிலேயே வெளிவந்துவிட்டது. சாம்சங் எம்06, 15ஆம் பதிப்புடன் வந்தது. நான்கு புதிய பதிப்புகளும் நான்கு ஆண்டுப் பாதுகாப்பும் வாக்களிக்கப்பட்டன. ஆக அது 19 வரை செல்லவேண்டும். பாதுகாப்பு ஆண்டுகள் இரண்டிலும் சமமே. பதிப்புகளில் சாம்சங் மூன்று படி மேலே நிற்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நான்கு ஆண்டுகள் என்பது அந்த மாடல் அறிமுகமான நாளிலிருந்து எண்ணப்படுவது. நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. ரெட்மிக்கு 2028இன் இறுதியும், சாம்சங்கிற்கு 2029இன் தொடக்கமும் எல்லை. 2026இன் இறுதியில் இவற்றை வாங்குபவருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளே எஞ்சும். பழைய மாடலை விலை குறைத்து விற்கிறார்களே என்று ஓடுவதற்குமுன், குறைந்தது விலை மட்டுமா, ஆயுளுமா என்று பார்க்கவேண்டும்.

கணக்கை எழுதிப் பார்ப்போம். 9,499 ரூபாய்க்கு வாங்கிய கைபேசி நான்கு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்குச் சுமார் 2,375 ரூபாய், மாதத்துக்கு 198 ரூபாய் செலவு. அதே கைபேசியை இரண்டே ஆண்டுகளில் மாற்ற நேர்ந்தால் ஆண்டுக்கு 4,750 ரூபாய். ஆயிரம் ரூபாய் தள்ளுபடியைவிட ஓராண்டு அதிக ஆயுள் மேலானது என்பது இதனால் விளங்கும்.

புதுப்பிப்பு எத்துணை இருந்தபோதிலும் தாமே கதவைத் திறந்துவிடுகிறவரை அது காக்காது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். கிசான் திட்டத்தின் பெயரிலும் வங்கிகளின் பெயரிலும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளைத் தொட்டுப் பணம் இழந்தவர்கள் உண்டு. செயலியை அதற்குரிய பிளே ஸ்டோரிலிருந்தன்றி வேறெங்கிருந்தும் ஏற்றலாகாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லவேண்டும். தாமதித்தால் மீட்பது கடினம்.

துணியின் நிறம்

படமெடுக்கும் திறனைப் பொறுத்தவரை, இரண்டு கைபேசிகளின் பின்புறத்திலும் முதன்மைக் கேமரா 50 மெகாபிக்சல். முன்புறத்தில் ரெட்மிக்கு 5, சாம்சங்கிற்கு 8. சாம்சங்கின் பின்புறத்திலுள்ள இரண்டாவது 2 மெகாபிக்சல் கண் பெரும்பாலும் அழகுக்கு என்று சொல்லிவிடலாம்.

50 என்ற எண் பெரியது. ஆனால் நூலின் நம்பரைப்போல அதையும் புரிந்துகொள்ளவேண்டும். நூறாம் நம்பர் நூல் நயமானது. அதற்காக அதைக் கொண்டு பவானி ஜமக்காளம் நெய்வாரில்லை. மேலும், இவ்வகைக் கேமராக்கள் வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி, சுமார் 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பும்பொழுது அதுவும் சுருங்குகிறது. கரையின் நுண்வேலை தெரியவேண்டுமானால் எச்டி தரத்திலோ, ஆவணமாகவோ அனுப்பவேண்டும்.

நெசவாளருக்கு முக்கியம் புள்ளிகளின் எண்ணிக்கையன்று, நிறத்தின் நேர்மை. அரக்கு நிறச் சேலை படத்தில் தக்காளிச் சிவப்பாகத் தெரிந்தால், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். அனுப்பும் செலவு நம் தலையில் விழும். ஆழ்ந்த சிவப்பும் மெஜந்தாவும் கைபேசிக் கேமராக்களுக்குப் பொதுவாகவே கடினமான நிறங்கள். நிறம் செறிந்த இடத்தில் நெசவின் இழை தெரியாமல் ஒரே பூச்சாக அப்பிவிடுவதைப் பலர் கண்டிருப்பார்கள். சரிகை பளபளத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். உடல் நிறம் கறுத்துப்போகும்.

ஆகவே கடைக்குச் செல்லும்பொழுது, தாம் நெய்த துணியில் ஒரு சாண் அளவு துண்டைப் பையில் எடுத்துச் செல்லுமாறு அங்கத்தினர்களுக்கு ஆலோசனை கூறுகிறோம். அரக்கு, பச்சை, மஞ்சள் மூன்றும் கொஞ்சம் சரிகையும் கலந்த துண்டாயின் மிக நன்று. கடையில் காட்சிக்கு வைத்துள்ள இரு கைபேசிகளாலும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் படமெடுக்கவேண்டும். கடையின் விளக்கு வெளிச்சம் நிறத்தைத் திரித்துக் காட்டுமாதலால், வாயிற்படி நிழலுக்கு வந்து மறுமுறையும் எடுக்கவேண்டும். பிறகு இரு படங்களையும் வீட்டிலுள்ள ஒரே கைபேசிக்கு அனுப்பச் செய்து, துணியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். எந்தப் படம் துணியோடு ஒத்திருக்கிறது என்பதை நெசவாளரின் கண்ணுக்குப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது. கடைக்காரர் முகஞ்சுளித்தால் அடுத்த கடையும் அதே தெருவில்தான் இருக்கிறது.

மற்றவை

பேட்டரியில் ரெட்மி 5160, சாம்சங் 5000 மில்லியாம்பியர் மணி. வித்தியாசம் நூற்றுக்கு மூன்று பங்கு. இதைப் பற்றி விவாதிப்பது வீண். சில்லுகளின் வேகமும் அன்றாட வேலையில் பெரிதாக வேறுபட்டுத் தோன்றாது.

திரையில் ரெட்மி 6.88 அங்குலம், சாம்சங் 6.7 அங்குலம். இரண்டிலும் எச்டி பிளஸ் தெளிவே. ரெட்மியின் திரை வினாடிக்கு 120 தடவை வரை புதுப்பிக்கப்படுவது. சாம்சங்கினது அதைவிடக் குறைவு. எழுத்துகளை மேலே தள்ளிப் படிக்கையில் ரெட்மி வழுக்கிக்கொண்டு செல்லும், கண்ணுக்கு இதமானது. ஆனால் ரெட்மி சுமார் 212 கிராம், சாம்சங் 191 கிராம். ஒரு கையில் பிடித்து மறுகையால் வேலை செய்கிறவர்கள் இரண்டையும் தூக்கிப் பார்க்கட்டும். வயலில் நின்று பார்ப்பவர் திரையின் வெளிச்சத்தைக் கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுவந்து பார்ப்பது அவசியம்.

ரெட்மிக்கு ஐபி52 என்னும் தரக்குறியீடு உண்டு. தூசியும் சொட்டு நீரும் ஓரளவு தாங்கும் என்பது அதன் பொருள். வாய்க்காலில் விழுந்தால் தாங்கும் என்று கொள்ளலாகாது. தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சு மின்னேற்றும் துளையில் அடைந்துகொள்வது எல்லாக் கைபேசிகளுக்கும் பொதுவான நோய். மின்னேற்றம் விட்டு விட்டு நடந்தால், கைபேசியை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சியால் மெல்ல எடுத்துப் பார்க்கவேண்டும். பழுது என்று நூறுகளைச் செலவழிப்பது அதன் பிறகு.

இரண்டிலும் பக்கவாட்டில் விரல்ரேகைப் பொத்தான் உண்டு. நூலிலும் சாயத்திலும் மண்ணிலும் தேய்ந்த விரலை அது சில வேளைகளில் அடையாளம் காண்பதில்லை. ஒரே விரலை இருமுறை பதிந்துவைத்தல், அல்லது அதிகம் தேயாத சுண்டுவிரலைப் பதிதல் உதவும்.

எதை வாங்குவது?

யாருடைய கையில் இருக்கப்போகிறது என்பதைக் குடும்பத்தில் முதலிற் பேசித் தீர்மானிக்கவேண்டும். மனைவியின் கூலிக் கணக்கும் கணவனின் எண்ணோடு இணைந்து, அவர் சந்தைக்குப் போனால் அம்மையார் தம் பணத்தைப் பார்க்க முடியாமல் இருக்கும் வீடுகள் பல. யுபிஐ, அந்த எண்ணுள்ள சிம்மோடும் அந்தக் கைபேசியோடும் கட்டுண்டது. ஒன்றை இருவர் பகிர்வது எளிதன்று. இரண்டாவது கைபேசிக்குச் செலவிட இயலுமானால், அது வீட்டுப் பெண்ணின் பெயரிலும் எண்ணிலும் இருப்பதையே நாம் விரும்புகிறோம்.

வங்கி வேலை முழுவதையும் கைபேசியில் செய்து, சேலைப் படம் அனுப்பி வியாபாரம் செய்கிற நெசவாளருக்கும், ஒரே கைபேசியை நான்கு ஆண்டு வைத்திருக்க எண்ணும் எவருக்கும், ஏர்டெல் சிம் உள்ளவருக்கும், இவ்விரண்டில் சாம்சங் எம்06ஐயே நாம் பரிந்துரைப்போம். சார்ஜர் இல்லாதது குறைதான். பதிப்புகளின் நீட்சி அக்குறையை ஈடுசெய்கிறது. துணிச் சோதனையில் அது தோற்றால் நெசவாளர் தம் கண்ணையே நம்பட்டும்.

ஜியோ சிம் வைத்துக்கொண்டு, பேசவும், விலையும் வானிலையும் பார்க்கவும், பேரப்பிள்ளைகளின் முகத்தைக் காணவும் விரும்பும் முதிய விவசாயிக்கு, பெரிய திரையும் பெட்டியிலேயே சார்ஜரும் உள்ள ரெட்மி ஏ4 பொருத்தமானது. அதிலும் 128 ஜிபி உள்ளதையே கேட்டு வாங்கவேண்டும். இரண்டுக்கும் அன்றைய கடைவிலையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு இருந்தால் இத்தீர்ப்பை மறுபடி யோசிக்க நியாயமுண்டு.

அருகிலுள்ள நகரத்தில் எந்தக் கம்பெனியின் சேவை மையம் உள்ளது, திரை உடைந்தால் மாற்ற என்ன செலவு என்பதை முன்னதாகவே கேட்டுக்கொள்ளவேண்டும். ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போனால், பழுதுபார்ப்பது இலவசமாயினும் இலவசமாகாது.

கடையில்

வட்டியில்லாத் தவணை என்று சொல்வார்கள். நம் கூட்டுறவுச் சங்கத்தில் குறித்த காலத்தில் திருப்பிய பயிர்க்கடனுக்கு வட்டி இல்லையென்றால், அவ்வட்டியை அரசு ஏற்கிறது. கடையில் அதை ஏற்பவர் யார்? ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காமலிருக்கலாம். நடைமுறைக் கட்டணம் என்று ஒரு தொகை சேரலாம். முதற்பணம், எல்லாத் தவணைகள், கட்டணங்கள் மூன்றையும் ஒரு தாளில் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்ட பின்னரே கையெழுத்திடவேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் *#06# என்று அழுத்தினால் 15 இலக்கமுள்ள ஐஎம்இஐ எண் தோன்றும். பெட்டியிலும் ரசீதிலும் அதே எண் இருக்கவேண்டும். கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தெழுதி, ஓர் இடம் விட்டு, அவ்வெண்ணை எழுதி 14422 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அக்கைபேசியின் விவரம் பதிலாக வரும். பழைய கைபேசி வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். திருட்டுப் பொருளாயின் தெரிந்துவிடும். ரசீது இல்லாமல் நூறு இருநூறு குறைத்துத் தருகிறோம் என்பவரிடம் வாங்கலாகாது. பழுதான பொருளைக் கடைக்காரர் ஏற்க மறுத்தால் முறையிடுவதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கேயும் முதலில் கேட்பது ரசீதைத்தான்.

பழைய கைபேசியை மாற்றாகக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், புதியதில் வங்கிச் செயலியும் யுபிஐயும் ஒழுங்காக இயங்குவதைக் கண்டபின்பே பழையதைக் கைவிடவேண்டும். அதற்குமுன் அதிலுள்ள கூகுள் கணக்கை நீக்கி, கைபேசியை முழுவதும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொள்ளவேண்டும். இதைக் கடைக்காரர் செய்வார் என்று விட்டுவிடாமல், வீட்டிலேயே படித்த பிள்ளைகளைக் கொண்டு முதல்நாள் இரவே படங்களின் நகலை எடுத்துவைத்துக்கொண்டால், மறுநாள் கடையில் அவசரப்பட நேராது.